ஊத்துமேட்டுப் பலூன்காரர்

மழை பேருக்குக்கூடத் தலைகாட்டாத ஓர் ஆடி மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலையில், சந்தைக்கு எலுமிச்சை மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஊத்துமேடு கார் ஸ்டாண்டில் மூன்றாவது வண்டியாக நின்ற பரமார்த்தலிங்கத்தின் வெள்ளைக் காருக்குள் ஒரு சிவப்பு மனுசன் வந்து உட்கார்ந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, விரல் நகத்தளவு இருந்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சுக்கு முன்னால் ஓர் உருண்டையை ஏந்திக்கொண்டு, ஒருபக்கமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அது ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் எல்லா வண்டியிலும் எரியும், நாலைந்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும். அணையாவிட்டால், வண்டி மோதும்போது விரிந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய பை விரியாமல் போகலாம் என்று அர்த்தம். அன்றைக்கு அது அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை.

லிங்கத்துக்கு அறுபத்துமூன்று வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் மறதி என்பது அவருக்குக் கிடையாது. முப்பது வருசத்துக்கு முன்னால் எந்த வீட்டுக் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள், எந்த வீட்டு இழவில் தான் உள்ளே நுழைந்தபோது எவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, சுகமில்லாமல் பத்து நாள் படுத்திருந்தபோது ஸ்டாண்டில் யார் யார் வந்து பார்க்கவில்லை என்று எல்லாம் அவருக்குத் தேதியோடு தெரியும். ஊரில் பாதிப்பேரோடு அவருக்குப் பேச்சில்லை. மீதிப்பேரோடு பேச்சு உண்டு, ஆனால் சிரிப்பு கிடையாது. இது ஊருக்கும் பழகிப்போய், அவர் வந்தால் கொஞ்சம் விலகி வழிவிட்டு, அவர் போனதும் பேச்சைத் தொடர்ந்துகொள்வார்கள்.

விளக்கை அணைக்க அவர் எலக்ட்ரீஷியன் செய்யது மசூதுவிடம் போனார். செய்யது முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அங்கே கிடந்த தண்ணீர் பாட்டில், குடை, பழைய துண்டு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டு, மஞ்சள் நிறக் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னது. சிவப்பு மனுசன் இருக்கிறது என்று சொன்னான். மூன்றாம் நாள் செய்யது பேட்டரியையே கழற்றித் தரையில் வைத்தார். ஹாரன் அடிக்கவில்லை, வைப்பர் ஆடவில்லை, கதவுக்கண்ணாடி இறங்கவில்லை, அவன் மட்டும் எரிந்துகொண்டிருந்தான்.

செய்யது ஸ்பானரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, கரண்டு இல்லாம எரியுற லைட்டுக்கு நான் எந்த ஒயரை அறுக்கட்டும்? எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கும் அவருக்கும் ஏதோ பேச்சு இருக்கு. எனக்கு இதுல வேலை இல்ல."

பிரச்சினை என்னவென்றால் ஆகஸ்டு இருபத்துமூன்றாம் தேதி வண்டிக்கு எஃப்.சி. வாடகை வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரோட்டில் ஓடலாம். அந்த வருசம் வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஏர்பேக் விளக்கு எரிகிற வண்டியைப் பார்த்தால் பேனா மூடியையே திறப்பதில்லை என்று ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. லிங்கத்துக்கு வேறு வேலை தெரியாது, பிள்ளைகளும் இல்லை. வண்டி நின்றால் அவரும் அவர் மனைவி சண்முகக்கனியும் அவளுடைய தம்பி வீட்டில் போய்த்தான் நிற்க வேண்டும். அந்தத் தம்பியோடு அவருக்குப் பதினாலு வருசமாகப் பேச்சில்லை.

விளக்கு முதன்முதலில் அணைந்தது கல்யாணத் தரகர் மாசானத்துக்காக. தென்காசிக்கு ஒரு சம்பந்தம் பேசப் போய்க்கொண்டிருந்த மாசானம், பாதி வழியில், யாரும் கேட்காமலே, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன தை மாசம் ஒரு மாப்பிள்ளையைப் பாத்து, படிச்ச பையன், அமைதியான பையன்னு சொல்லி முடிச்சு வச்சேன் வே. அவன் அமைதி இல்ல, காது கேக்காது. எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை தாலி கட்டின அன்னைக்கு அவன்கிட்ட என்னமோ கேட்டுட்டு, கேட்டுட்டு, பதில் வரலைன்னு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் இலையில குனிஞ்சுக்கிட்டேன்." அவர் சொல்லி முடித்ததும் சிவப்பு மனுசன் எழுந்து போனது போல அணைந்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் கழித்துத் திரும்பவும் வந்து உட்கார்ந்தான்.

லிங்கம் இதை யாரிடமும் சொல்லவில்லை. மாசானம் எல்லாரிடமும் சொன்னார். சனிக்கிழமைக்குள் ஊருக்கே விசயம் தெரிந்துவிட்டது. ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை, அப்படி ஒன்று எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும், அது நம்ம ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறது என்பது போல எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சுக்கு முன்னால் உருண்டை வைத்திருந்ததால் அதற்குப் பலூன்காரர் என்று பேர் வந்தது. முதல் வாரம் பலூன்காரன் என்றார்கள், இரண்டாம் வாரம் பலூன்காரர் ஆகிவிட்டார். ஒரு பெண் டேஷ்போர்டில் குங்குமம் வைக்கப் போனாள். லிங்கம் கையைத் தட்டிவிட்டு, "இது வண்டி, சாமி கிடையாது" என்று கத்தினார். "நாங்க சாமின்னு சொன்னோமா, ஒரு மரியாதைக்கு வைக்கோம், உமக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?" என்று அவள் அவரைத் திட்டிவிட்டுப் போனாள்.

ஜனங்கள் வண்டியை வாடகைக்குப் பிடிக்க ஆரம்பித்தார்கள், போக இடம் இல்லாதவர்களும் பிடித்தார்கள். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் வெட்கக்கேட்டைச் சொல்வார்கள், விளக்கு அணையும், எவ்வளவு தூரம் அணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ரேசன் கடைக்காரர் பெட்ரோல் பங்க் வரைக்கும் அணைத்தார். கணக்கு வாத்தியார் ஒருவர், மக்கு என்று தான் எல்லார் முன்னாலும் பேர் வைத்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வராமல் போனதைச் சொல்லி ஆலங்குளம் வரைக்கும் அணைத்தார். வெட்கத்துக்கு ஊரில் ஓர் அளவு வந்துவிட்டது. "அட, அது ஒரு ரெண்டு கிலோமீட்டர் தப்புவே, அதுக்குப் போயா பேசாம இருக்க?" என்று சமாதானம் சொன்னார்கள். "எங்க அண்ணன் எனக்குச் செஞ்சது தென்காசிக்குப் போயிட்டு வார தூரம்" என்று சண்டை போட்டார்கள். முதலில் ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், டீக்கடையில் எல்லாரும் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு குடித்தார்கள், பிறகு எல்லாரும்தான் ஏறி இறங்கியிருக்கிறோம் என்று தெரிந்துபோய், ஊரில் ஒருவித இளைப்பாறுதல் வந்தது. இரவல் வாங்கிய பாத்திரங்கள் வீடு திரும்பின. இரண்டு வரப்புகள் பழைய இடத்துக்கு நகர்ந்தன.

பலூன்காரரை ஏமாற்ற முடியவில்லை. ஒரு முறை சொன்னதை மறுமுறை சொன்னால் அவர் அசையமாட்டார். அடுத்தவன் தப்பைச் சொன்னால் இன்னும் சிவப்பாக எரிவார். செய்யாத தப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாலும் நம்பமாட்டார். வேதக்கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சவரிராயன், தன் அண்ணன் கிணற்றில் விழுந்து செத்தது தன்னால்தான், தான் கூடப் போயிருந்தால் நடந்திருக்காது என்று இருபது வருசமாக மருகிக்கொண்டிருந்தவர், ஏறி உட்கார்ந்து அதைச் சொன்னார். விளக்கு எரிந்தது. அழுது சொன்னார். எரிந்தது. "அப்ப நான் காரணம் இல்லையா?" என்று பலூன்காரரைப் பார்த்துக் கேட்டு, இறங்கி நடந்து, அன்று மூன்று பேர் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டார்.

லிங்கமும் முயற்சி செய்து பார்த்தார். ஆள் இல்லாத மத்தியானத்தில், கல்லுக்குவாரி ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு, தனக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இரண்டாம் பந்தியைச் சொன்னார். எழுந்திருக்காதவனைச் சொன்னார். தம்பி பெண்டாட்டி காப்பியில் சீனி போடாமல் தந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல விளக்கு சிவந்து, கண்ணாடி முழுக்கச் சிவந்து, அவர் சட்டை சிவந்து, கைகள் சிவந்தன. நிறுத்திக்கொண்டார். அந்த விளக்கு என்ன கேட்கிறது என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருக்க ஊரில் பாதிப்பேரைப் பகைக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மத்தியானம், மூன்று மணி இருக்கும், மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவரிடம் அம்பாசடர் இருந்தது. டர்ன், அதாவது அடுத்த சவாரிக்கான முறை, அவருடையது. ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு: டர்ன் யாருடையதோ அவர் வாயால் "விட்டேன்" என்று சொல்லாமல் அடுத்த வண்டி நகராது. வண்டி பழுது என்றாலும் அவர் சொல்லியாக வேண்டும். அதை மீறின டிரைவரை ஸ்டாண்டில் சேர்க்கமாட்டார்கள். அந்த மழையில், எதிர்ப்பக்கத்தில் கார்களுக்குச் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்த ஞானதிரவியம் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "அண்ணாச்சி, ரோஸ்லிக்கு வலி வந்துட்டு, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார். அவர் மனைவி ரோஸ்லினுக்கு அது தலைப்பிரசவம். லிங்கத்துக்கு அவர்மேல் இரண்டு மாதமாகக் கோபம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஞானதிரவியம் ஸ்டாண்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை வைத்திருந்தார், கவர்மேல் 'கார் ஸ்டாண்ட் நண்பர்கள்' என்று எழுதியிருந்தது. லிங்கத்தின் பேரைத் தனியாக எழுதவில்லை, வீட்டுக்கு வந்து அழைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

"வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு" என்றார் லிங்கம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். "தள்ளிப் பாப்போம்" என்றார்கள் மற்ற டிரைவர்கள். தள்ளினார்கள். ஞானதிரவியமும் தள்ளினார், செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு, தோளைக் கொடுத்துத் தள்ளினார். லிங்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். சாவியை அவர் திருப்பவே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு தடவை, அந்தப் பக்கம் இரண்டு தடவை தள்ளினார்கள். கொஞ்ச நேரம் தவிக்கட்டும், பிறகு போவோம் என்றுதான் நினைத்தார். இருபத்தைந்து நிமிசம் ஆகிவிட்டது. அதற்குமேல் சாவியைத் திருப்பினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று ஆகிவிட்டது. "விட்டேன்" என்றார். அடுத்த டர்னில் நின்ற அந்தோணிப்பிச்சை தன் வண்டியில் கூட்டிக்கொண்டு பறந்தார். பெண் குழந்தை. ரோஸ்லின் பிழைத்தாள். அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நர்சம்மா சொன்னதாக ஊரில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பதினாறு நாள் கழித்து ஞானதிரவியம் லிங்கத்தின் வீடு தேடி வந்தார். "அண்ணாச்சி, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. வண்டி செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆறுதலைத்தான் லிங்கத்தால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அன்றோடு ஞானதிரவியத்திடம் பேச்சை நிறுத்தினார். பத்திரிகை விசயம் என்று ஊரும் நினைத்துக்கொண்டது, ஞானதிரவியமும் நினைத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்து ஐந்தாறு நாளில் ஊத்துமேட்டில் வெட்கம் தீர்ந்துபோனது. சண்முகக்கனி கடைசியில் ஏறியவர்களில் ஒருத்தி. ஒரு நாள் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க பேசக்கூடாதுன்னு சொன்ன பெறவும் நான் ரோஸ்லிகூடப் பேசிக்கிட்டுதான் இருந்தேன், ரேசன் கடையில, குழாயடியில. அதுக்கு வெக்கம் இல்ல எனக்கு. நீங்க கூட வரும்போது அவ எதுக்க வந்தா, தெரியாத மாதிரி போவேன் பாருங்க, அதுதான். ஒரு நாள் அவ சிரிச்சுட்டு, நான் சிரிக்கலைன்னதும், சிரிச்ச வாயை எங்க வைக்கதுன்னு தெரியாம நின்னா." பலூன்காரர் எட்டுக் கிலோமீட்டர் அணைந்திருந்தார். விளக்கு திரும்ப எரிகிற வரைக்கும் லிங்கம் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் ஸ்டாண்டு கூடியது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம் இருபத்தெட்டுக் கிலோமீட்டர். அங்கே இன்ஸ்பெக்டர் பார்க்கிற நேரத்தில் விளக்கு அணைந்திருந்தால் போதும், யாராவது ஒரு ஆள் கூடப் போய், வரிசையில் நிற்கும்போது ஒரு நல்ல வெட்கத்தைச் சொன்னால் போதும். ஆனால் சொல்ல எவரிடமும் மிச்சம் இல்லை.

"உம்மகிட்ட ஏதாவது பழசு கிடக்கா வே?" என்றார் ஸ்டாண்டு செயலாளர் அந்தோணிப்பிச்சை.

"எல்லாத்தையும் கொட்டியாச்சு. இனிமே புதுசாத்தான் செய்யணும்" என்றார் மாசானம்.

"செய்யும், செய்யும். உமக்கு ஒரு மாப்பிள்ளை போதும்."

சிரித்து ஓய்ந்தபிறகு ஒவ்வொரு வீடாக யோசித்தார்கள். வண்டியில் யாரும் ஏறாத வீடு ஊரிலேயே ஒன்றுதான், ஞானதிரவியத்தின் வீடு. லிங்கம் வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தோணிப்பிச்சை ரோட்டைத் தாண்டிப் போய், தையல் மெசினுக்கு முன்னாலிருந்து ஞானதிரவியத்தை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பத்துமூன்று வயது, முதுகு வளைந்திருந்தது, காதில் நீலப் பென்சில் சொருகியிருந்தது. "அண்ணாச்சிக்கு என்னால ஆகும்னா வாரேன்" என்று சொல்லி, முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஸ்டாண்டே சுற்றி நின்றது. லிங்கம் வண்டியை எடுத்தார்.

இருபது கிலோமீட்டர் போயிற்று. ஞானதிரவியம் ஒரு தடவை மட்டும் சீட் கவரைத் தடவிப் பார்த்து, "தையல் பிரியுது அண்ணாச்சி, யாரு தைச்சது?" என்றார். "தென்காசியில" என்றார் லிங்கம். பத்தொன்பது வருசத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

மைதானத்தில் வரிசை பாதி ரோடு வரைக்கும் நின்றது. ஒரு மணி நேரம் ஊர்ந்தார்கள். முன்னால் நாலு வண்டி இருக்கும்போது ஞானதிரவியம் தொண்டையைச் செருமினார்.

"சொல்லட்டுமா அண்ணாச்சி?"

லிங்கம் தலையை ஆட்டினார்.

"இத நான் ரோஸ்லிகிட்டகூடச் சொன்னது இல்ல. அன்னைக்கு, அவளுக்கு வலி வந்த அன்னைக்கு, ரெண்டே முக்காலுக்கே பக்கத்து வீட்டம்மா வந்து சொல்லிட்டாங்க. நான் ஒரு ஜீப்புக்குப் பின்சீட்டு தைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு வரி பாக்கி. முடிச்சுட்டு எந்திரிப்போம்னு உக்காந்துட்டேன். நூலு ரெண்டு தடவை அறுந்துச்சு. கோத்து கோத்துத் தைச்சேன். கால்மணி நேரம். அதுக்குப் பெறவுதான் உங்ககிட்ட ஓடியாந்தேன். எம் பிள்ளைய நாந்தான் கொன்னேன் அண்ணாச்சி. ரோஸ்லி உங்க வண்டியைத்தான் திட்டுவா. அவ திட்டும்போதெல்லாம் நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். வண்டி மேல பழியப் போட்டுட்டு நான் நல்லவனாட்டம் உக்காந்திருப்பேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விளக்கு எரிந்தது.

முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. லிங்கம் வண்டியை ஓரடி முன்னால் விட்டார்.

"எரியுதே அண்ணாச்சி."

லிங்கம் ரோட்டையே பார்த்தார்.

"சவரிராயனுக்கு எரிஞ்ச மாதிரில்லா எரியுது." ஞானதிரவியத்தின் குரல் மெதுவாக, துணியை அளந்து பார்க்கிறவர் குரல் போல வந்தது. "அப்ப நான் இல்லையா? அந்தக் கால்மணி நேரம் இல்லையா? அப்ப வேற யாரு அண்ணாச்சி?"

மைதானத்தில் எங்கோ ஒரு லாரி ஹாரனைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் லிங்கம் ஒருவர்தான். சும்மா இருந்தால் எஃப்.சி. போகும், வண்டி போகும், அவ்வளவுதான், மைத்துனன் வீட்டுத் தாழ்வாரத்தில் செத்துப்போகலாம், இந்த மனுசன் மட்டும் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அந்த மெசினுக்கு முன்னால் இன்னும் பத்து இருபது வருசம் உட்கார்ந்திருப்பார். ஞானதிரவியத்தின் கைகள் மடியில் கிடந்தன. ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். அந்த விரல்களால்தான் அன்றைக்கு வண்டியைத் தள்ளினார். அவற்றைப் பார்த்துக்கொண்டே லிங்கம் சொன்னார்.

"சாவியை நான் திருப்பல வே."

"என்ன அண்ணாச்சி?"

"நீரு தள்ளும்போது. நாலு தடவை தள்ளினீரு. நான் சாவியைத் திருப்பவே இல்ல. கண்ணாடி வழியா உம்மைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், வெறுங்காலோட தள்ளினதைப் பாத்தேன். கவர்மேல எம் பேரு எழுதலைன்னு கோவம். கொஞ்சம் தவிக்கட்டும்னு நினைச்சேன். பெறவு வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு இருந்துட்டேன். உம்ம கால்மணி நேரம் இல்ல, எம் இருவத்தஞ்சு நிமிசம்."

விளக்கு எப்போது அணைந்தது என்று அவர் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தார். இண்டிகேட்டர் போடச் சொன்னார், போட்டார். டேஷ்போர்டில் ஒரு சிவப்பும் இல்லை. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

"வண்டி சுத்தமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஏன்யா இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மைதானத்துக்கு வெளியே வந்ததும் ஞானதிரவியம் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பஸ் பிடித்துப் போகப்போகிறார் என்று லிங்கம் நினைத்தார், போகட்டும் என்று ஆசைப்பட்டார். அவர் பின்கதவைத் திறந்து, பின்சீட்டில், வாடகைக்கு ஏறிய ஆள் போல உட்கார்ந்தார். இருபத்தெட்டுக் கிலோமீட்டர். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க லிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தார், கத்துவார் என்று எதிர்பார்த்தார், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், கத்தினால் கேட்டுக்கொள்ளலாம். ஊர் எல்லையில் புளியமரங்கள் வந்தன, சந்தை வந்தது, ஸ்டாண்டில் எல்லாரும் ரோட்டோரத்துக்கு ஓடிவந்து, விளக்கு அணைந்ததா என்று கையால் கேட்டார்கள். லிங்கம் வண்டியை ஒதுக்கப் போனார்.

"ஸ்டாண்டு வேண்டாம். வீட்டுக்குப் போங்க" என்றார் ஞானதிரவியம்.

"உம்ம வீட்டுக்கா?"

"பெறவு? நான் போயி அவகிட்ட எப்படிச் சொல்ல? எனக்கு அதுக்கு வாய் கிடையாது. சாவி உங்க கையிலதானே இருந்துச்சு. நீங்கதான் சொல்லணும்."

ஸ்டாண்டு ஆட்கள் கையைத் தூக்கியபடியே நின்றார்கள், வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. வேதக்கோயில் தெருவில் மூன்றாவது வீடு. பத்தொன்பது வருசமாக லிங்கம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போவார்.

ரோஸ்லின் முற்றத்தில் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரை நிமிர்ந்து பார்த்தாள், ஒரு கணம் நம்ப முடியாமல் விழித்து, பிறகு முகம் மலர்ந்து, நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவரிடம் பேசுவது போல, "வாங்க அண்ணாச்சி, எஃப்.சி. ஆயிட்டா? சண்முகக்கனி மைனி நேத்தெல்லாம் ஒரே கவலையா இருந்தாங்க" என்றாள். ஞானதிரவியம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவள் எதிரில் போட்டார். போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டார்.

"அவுகளுக்கு என்ன? வெளிய போயி நிக்காக?" என்றாள் ரோஸ்லின். "நீங்க உக்காருங்க. காப்பி போடுதேன். இத்தனை வருசம் கழிச்சு வந்திருக்கீங்க." புளிக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"இரி தாயி. காப்பி வேண்டாம்" என்றார் லிங்கம். நாற்காலியில் உட்காராமல், வெயில் சுட்ட தரையில், சாக்குக்கு இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். அறுபத்துமூன்று வயது மனுசன் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்து, எழுந்தவள் அப்படியே அமர்ந்துவிட்டாள். "நான் சொல்லி முடிச்ச பெறவும் நீயா காப்பி தந்தேன்னா குடிக்கேன். தராட்டாலும் குத்தம் சொல்ல மாட்டேன். நான் யாரையும் குத்தம் சொல்லுததுக்கு இல்ல."

ரோஸ்லின் கேட்டுக்கு வெளியே நின்ற புருசனின் முதுகைப் பார்த்தாள். பிறகு லிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, அவள் கையிலிருந்த புளியங்கொட்டையை மெதுவாகச் சாக்கின் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு மழையில" என்று ஆரம்பித்தார் லிங்கம், "என் வண்டிக்கு ஒண்ணும் இல்ல தாயி."